கையில் ஒட்டும் சுகர் சென்சார்: போடுவது எப்படி, மாற்றுவது எப்படி?



கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டங்களுக்குப் போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி வருகிறது. "கையில வெள்ளையா வட்டமா ஒண்ணு ஒட்டியிருக்காங்களே, அது என்னங்க மேடம்? அதைப் போட்டா சுகர் குறைஞ்சிடுமா?"

குறையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது மருந்து இல்லை. உடம்பில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று ராத்திரி பகலாக அளந்து காட்டும் கருவி, அவ்வளவுதான். குழந்தைக்கு ஜுரம் வந்தால் தெர்மாமீட்டர் வைக்கிறோம். தெர்மாமீட்டர் ஜுரத்தைக் குறைப்பதில்லையே! அது மாதிரிதான் இதுவும்.

இதைப் பற்றி நம் செய்தி மடலில் எழுதக் காரணம் இருக்கிறது. இந்தக் கருவி வாங்குவதற்காக உள்கடன் கேட்டு நம் கூட்டமைப்பில் உள்ள குழுக்களில் மனு வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு சென்சார் 14 நாள்தான் உழைக்கும். விலையோ நாலாயிரம், ஐயாயிரம் என்கிறார்கள். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கி, போட்ட மூன்றாவது நாளே ரவிக்கையை மாற்றும்போது பிய்ந்து வந்துவிட்டது என்று ஒரு அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். சரியாகப் போடத் தெரிந்திருந்தால் அந்தப் பணம் நின்றிருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

யாருக்கு இது தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொல்கிறது. அத்தனை பேருக்கும் இந்தக் கருவி தேவையில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டு, சுகர் ஓரளவு கட்டுக்குள் இருப்பவர்கள் மருத்துவர் சொல்கிற இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாலே போதும். பக்கத்து வீட்டு அக்கா போட்டிருக்கிறார் என்று நாமும் போடுகிற பொருள் இல்லை இது.

தினமும் இன்சுலின் போடுகிறவர்களுக்கு, அதிலும் டைப் 1 என்கிற வகை வந்த பிள்ளைகளுக்கு, கதை வேறு. இந்தப் பிள்ளைகளின் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை என்று சொல்லலாம். ஊசி மூலம் போட்டால்தான் உயிர் வாழ முடியும். ஒரு நாளைக்கு நாலு தடவை ஊசி. போட்ட அளவு கொஞ்சம் கூடிவிட்டால் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். பகலில் என்றால் பிள்ளை வேர்த்து நடுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். நடு ராத்திரி தூக்கத்தில் இறங்கினால்? அந்தப் பயத்திலேயே அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திப் பார்க்கிற தாய்மார்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். இந்தக் கருவி அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்த உதவி. இன்சுலின் போடும் கர்ப்பிணிகளுக்கும் சில நேரம் மருத்துவர் எழுதிக் கொடுப்பதுண்டு.

உள்ளே என்ன இருக்கிறது?

நம் ஊர்ப்பக்கம் அதிகம் பார்ப்பது அபாட் கம்பெனியின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகை. வேறு கம்பெனிகளும் விற்கின்றன. நான் இங்கே எழுதுவது லிப்ரே வகையை வைத்துத்தான். வேறு வாங்கினால் பெட்டியிலுள்ள குறிப்பை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வட்டம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் அடியில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருக்கும். வளையக்கூடிய இழை. ஒட்டும்போது ஒரு ஊசி அந்த இழையைத் தோலுக்கு அடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, உடனே வெளியே வந்துவிடும். "14 நாளும் ஊசி உள்ளேயே குத்திக்கிட்டு இருக்குமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: இல்லை, இழை மட்டும்தான் இருக்கும்.

இந்த இழை இருப்பது ரத்தத்தில் இல்லை. தோலுக்கு அடியில், செல்களைச் சுற்றி இருக்கும் நீரில். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மடையைத் திறந்தால் தலை வயலுக்குத் தண்ணீர் முதலில் வரும், கடைமடைக்குக் கொஞ்சம் கழித்துத்தான் வரும் இல்லையா? ரத்தம்தான் தலை வயல், தோலடி நீர் கடைமடை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் சென்சாருக்கு அது தெரிய 5 முதல் 10 நிமிடம் வரை ஆகும்.

வாங்குவதற்கு முன்னால்

சென்சாரில் உள்ள அளவைப் படிக்க ஒன்று அதற்கென்று விற்கும் ரீடர் வேண்டும், அல்லது செல்போன் வேண்டும். எல்லாச் செல்போனும் ஒத்து வராது. லிப்ரேயில் போனைச் சென்சார் பக்கத்தில் காட்டிப் படிப்பதற்கு என்.எஃப்.சி. என்ற வசதி போனில் இருக்க வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது. சென்சாரை வாங்கி வந்த பிறகு போன் படிக்கவில்லை என்றால் என்ன செய்வது? கடையில் பணம் கொடுக்கும் முன்பே போனைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். வீட்டில் ஒரே போன், அதையும் வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்றால் ரீடர்தான் சரி.

இன்னொன்றும் கேளுங்கள்: "சர்க்கரை இறங்கினா தானா மணி அடிக்குமா?" சில மாடல்களில் அடிக்கும். சிலவற்றில் நாமாகப் போய்க் காட்டினால்தான் அளவு சொல்லும். ராத்திரி இறக்கத்துக்காக வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

காலாவதித் தேதி பாருங்கள். எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். பலவற்றில் 4 முதல் 25 டிகிரி வரை என்று இருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஓட்டு வீட்டில் 25 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் ஒன்றாகச் சேர்த்து வாங்கி வைக்காதீர்கள். வாங்கியதைப் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைக்கலாம், ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது.

போடும் முறை

இடம், மேல் கையின் பின்பக்கம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சதைப்பிடிப்பான இடம். வயிற்றிலோ தொடையிலோ தாங்களாகவே மாற்றிப் போட்டால் அளவு சரியாக வரும் என்று நம்ப முடியாது. தழும்பு, மச்சம், கட்டி உள்ள இடம் வேண்டாம். கையில் இன்சுலின் போடுகிறவர்கள் ஊசி போடும் இடத்திலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள்.

இங்கே நம் பெண்களுக்கு ஒரு பிரச்சினை உண்டு, கம்பெனிக் குறிப்பில் அது இருக்காது. நம் ரவிக்கைக் கை முடிகிற இடமும் சென்சார் உட்காருகிற இடமும் ஏறக்குறைய ஒன்றே! கையின் ஓரம் சென்சார் விளிம்பில் உரசி உரசியே அதைக் கிளப்பிவிடும். போடுவதற்கு முன்னால் வழக்கமாகப் போடும் ரவிக்கையைப் போட்டுப் பாருங்கள். கை எங்கே முடிகிறதோ அதற்கு நன்றாகக் கீழே அல்லது முழுவதும் உள்ளே வருகிற மாதிரி இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கை இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தித் தைத்துவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடைக்கும் இதேதான். பிள்ளை எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் என்பதையும் பார்த்து, அடுத்த கையில் போடுங்கள்.

இடம் பார்த்தாயிற்று. அங்கே எண்ணெய் இருக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த நாளில் போடாதீர்கள். வாசனை அதிகமில்லாத சாதாரண சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பெட்டியில் வரும் ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும். துடைத்ததும் உடனே ஒட்டக் கூடாது. நன்றாகக் காய விடுங்கள். ஊதிக் காய வைக்காதீர்கள், தானாகக் காயட்டும். சீக்கிரமே கழண்டு விழுகிற சென்சார்களை விசாரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள் என்பது என் அனுபவம். வேர்வை மிகுந்த நேரமும் வேண்டாம். காட்டு வேலையிலிருந்து வந்த கையோடு போடாமல், குளித்து ஆறி உட்கார்ந்து போடுங்கள்.

பெட்டிக்குள் இரண்டு பொருள் இருக்கும். மூடி போட்ட ஒரு கிண்ணம், அதற்குள் சென்சாரின் ஒரு பகுதி. இன்னொன்று முத்திரை குத்துவது மாதிரியான கருவி, அதற்கு அப்ளிகேட்டர் என்று பேர். இரண்டிலும் ஒரே குறியீட்டு எண் இருக்கும். இரண்டு பெட்டியை ஒன்றாகப் பிரித்து இதை அதோடு மாற்றிவிடாதீர்கள், அளவு தப்பாக வரும். (புதிய மாடல் சிலவற்றில் இரண்டும் ஒன்றாகவே வருகிறது. அதில் இந்தக் குழப்பம் இல்லை.)

கிண்ணத்தின் மூடியை முழுசாக உரியுங்கள். அப்ளிகேட்டரின் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். கழற்றியதை மறுபடி மாட்டக் கூடாது, உள்ளே இருப்பது கெட்டுவிடும். இரண்டிலும் கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். கோட்டுக்கு நேர் கோடு வைத்து, கிண்ணத்தை மேசை மேலோ தரையிலோ வைத்து, அப்ளிகேட்டரை அதற்குள் நேராக அழுத்துங்கள். நின்றுவிடும் வரை அழுத்தித் தூக்கினால் சென்சார் அப்ளிகேட்டருக்குள் ஏறியிருக்கும். இப்போது ஊசி வெளியே இருக்கிறது. உள்ளே விரல் விடாதீர்கள், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்க வேண்டாம்.

இனி கையில். தனக்குத் தானே போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதல் தடவை இன்னொருவர் போட்டுவிடுவது நல்லது. கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். குறித்த இடத்தில் நேராக வைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். டக்கென்று சத்தம் கேட்கும். உடனே எடுக்காமல் சில நொடி அப்படியே வைத்திருந்து, மெதுவாக நேராக இழுங்கள். வலி எறும்பு கடித்த மாதிரி என்று சிலரும், அதுகூட இல்லை என்று சிலரும் சொல்கிறார்கள். பயந்து பாதி அழுத்தில் நிறுத்துவதுதான் கெடுதல். சென்சார் சரியாக உட்காராது, பணமும் போய்விடும். பிறகு விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவி ஒட்டவிடுங்கள்.

ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. ரத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சென்சாரைக் கழற்றிவிட்டு வேறு இடத்தில் புதிது போட வேண்டியதுதான்.

முதல் ஒரு மணி நேரம்

ஒட்டியதும் ரீடரையோ போனையோ சென்சார் பக்கத்தில் காட்டித் தொடக்கிவைக்க வேண்டும். ரீடரா போனா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், நடுவில் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தொடக்கிய பிறகு லிப்ரேயில் 60 நிமிடம் அளவு எதுவும் வராது. அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கண் கட்டிய மாதிரி. அதனால் இன்சுலின் போட்ட உடனேயோ, படுக்கப் போகும்போதோ புதுச் சென்சார் போடாதீர்கள். காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால், நாள் முழுவதும் நாம் விழித்திருந்து கவனிக்கலாம்.

முதல் நாள் முழுவதுமே அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஒன்றிரண்டு தடவை விரலில் குத்தியும் பார்த்துக்கொள்ளுங்கள். விரலில் குத்தும் பழைய மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சேர்த்துத்தான் சொல்கிறேன்: அது வீட்டில் இருக்க வேண்டும், ஸ்ட்ரிப்பும் இருக்க வேண்டும்.

எண்ணை எப்போது நம்பக் கூடாது?

இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நிதானமாகப் படியுங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை. வேர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, பேச்சுக் குழறல் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அதில் 15 கிராம் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட்டும் பிஸ்கட்டும் வேண்டாம், அவை மெதுவாகத்தான் ஏற்றும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்படித் திரும்பப் பார்க்கும்போது விரலில் குத்திப் பாருங்கள். கடைமடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும், சென்சார் இன்னும் பழைய இறக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கடைசியில் 300-க்கு மேல் ஏற்றிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. மயக்கமாகிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சென்சார் உள்ள கையின் மேல் படுத்துத் தூங்கினால் அந்த இடம் அழுந்தி, இல்லாத இறக்கத்தைக் காட்டும். நடு இரவில் திடீரென்று 50 என்று காட்டுகிறது, பிள்ளை சுகமாகத் தூங்குகிறது என்றால் புரட்டிப் படுக்க வைத்து விரலில் பாருங்கள். ஆனால் "இது அழுத்தத்தால்தான் இருக்கும்" என்று நாமாக நினைத்துக்கொண்டு விரலில் பார்க்காமல் படுத்துவிடாதீர்கள்.

அதிக அளவில், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல், வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் சில சென்சார்களில் அளவு கூடுதலாகக் காட்டும். சளிக்கு நல்லது என்று சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரை அதுதான். பேதியாகி உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் எண்ணை நம்ப வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

பொதுவாக ஒரு விதி: உடம்பு ஒன்று சொல்கிறது, எண் வேறு சொல்கிறது என்றால் விரலில் குத்திப் பார்த்து முடிவு எடுங்கள்.

எண்ணோடு ஒரு அம்புக்குறியும் வரும். 110 என்று மட்டும் பார்த்தால் நல்ல அளவுதான். ஆனால் அம்பு நேராகக் கீழே பார்த்தால் சர்க்கரை வேகமாக இறங்குகிறது என்று அர்த்தம். பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் இப்படி இருந்தால் நின்று கவனித்துவிட்டு அனுப்புங்கள். என்னைக் கேட்டால் எண்ணைவிட அம்புதான் இந்தக் கருவியின் பெரிய லாபம். விரலில் குத்துகிற மெஷின் இதைச் சொல்லாது.

லிப்ரே சென்சார் 8 மணி நேரத்துக் கணக்கைத்தான் தனக்குள் சேர்த்து வைக்கும். தானாகப் போனுக்கு அனுப்பாத மாடல் என்றால், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் உள்ள கணக்கு அழிந்துபோகும். படுக்கும்போது ஒன்று, எழுந்ததும் ஒன்று என்று பழகிக்கொண்டால் ராத்திரிக் கணக்குத் தப்பாது. டைப் 1, டைப் 2 இரண்டிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் 70 சதவீத நேரம், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம், 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தால் நல்லது என்பது மருத்துவர்கள் 2019-ல் ஒத்துக்கொண்ட கணக்கு. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் இது மாறும்.

14 நாள் காப்பாற்றுவது

குளிக்கலாம். ஒரு மீட்டர் ஆழம் வரை, அரை மணி நேரம் வரை தண்ணீர் தாங்கும். கிணற்றில் குதித்து முங்கு நீச்சல் அடிக்கக் கூடாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி மாளாது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்! தேய்த்துக் குளிக்காதீர்கள், அந்த இடத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள். நிலைப்படியில் இடிக்காமல் நடக்கப் பழக ஒன்றிரண்டு நாள் ஆகும்.

விளிம்பு கிளம்பினால் மருந்துக் கடை பிளாஸ்டர் ஒட்டலாம். வட்டத்தின் நடுவில் சின்னத் துளை ஒன்று இருக்கும், அதை மூடக் கூடாது. அரிப்பு, சிவப்பு, கொப்புளம் வந்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் மஞ்சள் பற்றுப் போட்டு அதன் மேல் அடுத்த சென்சாரை ஒட்டுவது வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன் கழற்றச் சொல்வார்கள். வேறு ஸ்கேன், எக்ஸ்ரே என்றாலும் கையில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை கழற்றியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அவசரமில்லாத ஸ்கேன் என்றால் சென்சார் முடிகிற நாளைப் பார்த்துத் தேதி வாங்கினால் பணம் மிச்சம்.

மாற்றும் முறை

14 நாள் முடிந்ததும் அது தானாக நின்றுவிடும். (15 நாள் ஓடும் மாடலும் இருக்கிறது.) இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்று மேலும் நாலு நாள் இழுக்க வழியில்லை. எத்தனை நாள் பாக்கி என்று போனிலேயே காட்டும். முடிகிற நேரம் நடு ராத்திரியாக வந்தால், அன்று பகலிலேயே மாற்றிவிடுங்கள். சில மணி நேரம் வீணாகும், பரவாயில்லை. தூங்குகிற நேரத்தில் அளவு இல்லாமல் இருப்பதைவிட அது மேல்.

கழற்றும்போது ஒரு விளிம்பைப் பிடித்து மெதுவாக, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக உரியுங்கள். வலுவாக ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் அல்லது தேங்காய் எண்ணெயை விளிம்பில் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவிடும். கழற்றியதைத் திருப்பிப் பாருங்கள், இழை முழுசாக வந்திருக்க வேண்டும். பழைய இடத்திலேயே புதிது போடாதீர்கள். இந்தத் தடவை வலது கை என்றால் அடுத்த தடவை இடது கை. எண்ணெய் தடவிக் கழற்றிய கையில் அன்றைக்கே ஒட்டினால் நிற்காது, அதற்காகவும்தான் கை மாற்றச் சொல்வது.

நாள் முடியும் முன்பே வேலை செய்யாமல் போனால் தூக்கி எறியாதீர்கள். பெட்டி, பில், வரிசை எண், கழற்றிய சென்சார் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பெட்டியிலுள்ள வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசுங்கள். சென்சாரின் குறை என்று தெரிந்தால் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. 14 நாள் முடியும் வரை பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

குழு கடன் கொடுக்கலாமா?

மாதம் இரண்டு, வருஷத்துக்கு 26 சென்சார். ஒன்று 5,000 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,30,000 ரூபாய். எந்த உள்கடனும் இதைத் தாங்காது, வாங்கியவராலும் கட்ட முடியாது. "எப்பவும் போட்டுக்கிட்டே இருக்கணும்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவரின் 12 வயது மகளுக்கு டைப் 1. இரண்டு தடவை ராத்திரியில் சர்க்கரை இறங்கி, ஒரு தடவை 108-ல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு சென்சாருக்கு 10,000 ரூபாய் கேட்டு மனுக் கொடுத்தார். கூட்டத்தில் வாக்குவாதம். "மாடு வாங்கினா பால் கறக்கும், கடை வெச்சா லாபம் வரும், இது 14 நாள்ல குப்பைக்குப் போற சாமான். இதுக்கா கடன்?" என்றார் ஒருவர். தப்பான கேள்வி இல்லை. ஊக்குநர் பதிலுக்கு ஒன்று கேட்டார்: "அன்னிக்கு ராத்திரி வேன் லேட்டாகியிருந்தா?" அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. தீர்மானம் எழுதிக் கொடுத்தார்கள்.

28 நாள் கணக்கைப் பார்த்த மருத்துவர், பிள்ளை சாயங்காலம் விளையாடும் நாட்களில் மட்டும் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு இறங்குவதைக் கண்டுபிடித்தார். அந்த நாட்களுக்கு ராத்திரி இன்சுலின் அளவைக் குறைத்தார். பிள்ளை இப்போதும் கபடி விளையாடுகிறது. அந்த அம்மா எப்போதும் சென்சார் போடுவதில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்பும், இன்சுலின் அளவு மாறும்போதும் ஒன்று போடுகிறார், மற்ற நாட்களில் விரலில் பார்க்கிறார்.

டைப் 2 உள்ளவர்களுக்குச் சில மருத்துவமனைகளில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கேயே ஒட்டி அனுப்பி, 14 நாள் கழித்து அவர்களே கணக்கெடுத்துப் பார்க்கும் வகை. இந்தியாவில் 2015-ல் வந்தது. ரீடர், போன் எதுவும் நாம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நடுவில் நம்மால் அளவைப் பார்க்க முடியாது.

கடன் மனு வந்தால் குழு மூன்று விஷயம் கேட்கலாம். மருத்துவர் எழுதிய சீட்டு இருக்கிறதா? எத்தனை சென்சார், எதைக் கண்டுபிடிக்க? கணக்கோடு மருத்துவரைத் திரும்பப் பார்க்கத் தேதி வாங்கியாயிற்றா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தச் சென்சாரால் பிரயோஜனம் குறைவு. எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைப்பது மருத்துவரின் வேலை. இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே வாங்குகிறவர்களும் சென்சார் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டலாம், தயங்க வேண்டாம்.

பெண் பிள்ளையின் கையில் இருப்பதை மறைக்க, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பும் தாய்மார்களைப் பார்க்கிறேன். "நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா..." என்கிறார்கள். அவர்கள் கவலை புரியாமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் மறைத்தால் ஆபத்து. டீச்சருக்குத் தெரியாவிட்டால், பிள்ளை வேர்த்துச் சாயும்போது வெயில் மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பதோடு நின்றுவிடுவார்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமை ஆசிரியரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் கொடுத்து, பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் வைத்து அனுப்புங்கள்.

பயன்படுத்திய அப்ளிகேட்டருக்குள் ஊசி இருக்கிறது. குப்பை மேட்டில் போட்டால் பொறுக்கும் பிள்ளைகள் கையில் குத்தும், தூய்மைப் பணி செய்யும் நம் சகோதரிகள் கையிலும் குத்தும். மூடியைத் திருகி மூடி, அழுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலின் ஊசிகளோடு சேர்த்து வையுங்கள். டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் இறுக மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நர்ஸிடம் கேட்டு அங்கே ஒப்படையுங்கள்.